ஈரத் தரையில் பாலிஷ் மெஷின்: இறக்கி வைப்பதிலிருந்து கழுவி வைப்பது வரை

புதிதாக வரும் பையனுக்கு பாலிஷ் மெஷினை ஓட்டச் சொல்லித்தர அரை நாள் போதும். பிடி, அழுத்து, இறக்கு, நகர்த்து, அவ்வளவுதான் வித்தை. ஆனால் எதற்கு முன்னால் எதைச் செய்வது என்பது கையில் படிய ஒரு வருஷம் ஆகிவிடுகிறது. நான் பார்த்த விபத்துகளில் சுழலும் கல் செய்தது கொஞ்சம். தண்ணீரில் கிடந்த கேபிளும், படியில் நழுவிய மெஷினும், கழற்றாமல் விட்ட பிளக்கும் செய்ததுதான் அதிகம்.

நான் பேசுவது கடலூர், புதுச்சேரி வீடுகளில் மொசைக், மார்பிள், கடப்பா, கோட்டா கல் தரைகளைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மெஷினைப் பற்றி. பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் மோட்டார், மோட்டாருக்குக் கீழே தட்டு, தட்டில் தரையைத் தேய்க்கும் கார்போரண்டம் கற்கள். சிங்கிள் பேஸில் ஓடுவது பெரும்பாலும் 2 குதிரைத்திறன். த்ரீ பேஸ் என்றால் அதற்கு மேலே போகும். எடை நூறு கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும்.

1. முதலில் தரையைப் பாருங்கள்

மெஷின் ஏறக்கூடாத தரைகள் உண்டு. புதுச்சேரியில் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ் கிடக்கும். அதன் வண்ணம் மேல் அடுக்கில் சில மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் இருக்கிறது. 60 நம்பர் கல்லை (நம்பர் குறையக் குறையக் கல் கரடு) வைத்தால் பூவின் இதழ் முதலில் மங்கும், அப்புறம் காணாமல் போகும். வேலை பழகிய காலத்தில் ஒரு கூடத்து மூலையில் முழ நீளத்துக்கு அப்படிப் பூவை அழித்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மா திட்டவில்லை. அந்த இடத்தில் பாய் ஒன்றைக் கொண்டுவந்து விரித்து மூடினார். திட்டியிருந்தால் தேவலை.

சிவப்பு ஆக்சைடு பூசிய தரையும் இதே கதைதான். இரண்டுக்கும் கையால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுவது, மெழுகு போடுவது என்று நின்றுகொள்ளுங்கள்.

மாடி என்றால் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். மர உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவசமாக அடுக்கி, சுண்ணாம்பில் கட்டிய தளம் அது. உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் தங்கும். அதன் மேல் நூறு கிலோ மெஷின் அதிர, வாளி வாளியாகத் தண்ணீரும் இறங்கினால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அனுபவப்பட்ட பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் நான் அங்கே மெஷினை ஏற்றுவதில்லை.

புதுத் தரை என்றால் அதன் வயசைக் கேளுங்கள். தளத்திலேயே போட்ட மொசைக் குறைந்தது ஒரு வாரமும், பதித்த மொசைக் டைல்ஸ் இரண்டு வாரமும் நனைந்து இறுகியிருக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது தேய்த்தால் கல் சில்லுகள் பெயர்ந்து தட்டுக்கும் தரைக்கும் நடுவே மாட்டும். மெஷின் துள்ளிக் கைப்பிடி மணிக்கட்டைத் திருப்புவது பல நேரம் இதனால்தான். சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சாண் இடத்தைக் கையால் தேய்த்துப் பாருங்கள். சில்லு அசைந்தால் மெஷினை வண்டியை விட்டு இறக்க வேண்டாம்.

2. கரண்ட்: நேரம் இங்கேதான் போக வேண்டும்

ஈரத்தில், பெரும்பாலும் வெறுங்காலோடு, இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துச் செய்யும் வேலை இது. மின்சாரத்துக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டான். அதனால் மெஷினை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே கரண்ட் பார்த்தாக வேண்டும். இறக்கிவிட்டால், ‘வந்தது வந்துவிட்டோம், ஓட்டிவிடுவோம்’ என்று மனசு சொல்லும்.

பாயிண்ட். 2 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. ஆகவே 16 ஆம்பியர் பவர் பாயிண்ட்தான் வேண்டும், 6 ஆம்பியர் பிளக் ஆகாது. எம்சிபி (அதிகக் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று மீட்டர் போர்டில் நேராக ஒயரைச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்சிபி விழுவது நம்மை எச்சரிக்கத்தான். அதைத் தாண்டிக்கொண்டு போனால் எச்சரிக்க வேறு எதுவும் கிடையாது.

எர்த். மூன்றாவது பின் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள். பழைய வீடுகளில் அந்த ஒயர் எங்கேயும் போய்ச் சேராமல் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். இதைவிட மோசம், நியூட்ரலையே எர்த் முனையில் முடிந்து வைத்திருப்பது. எங்கோ நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியே மெஷினின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். நம்ம பக்கம் உப்புக் காற்று வேறு. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ ஒரு எர்த் குழியைத் திறந்தால் கம்பியின் முடிச்சு பச்சை பூத்தோ துருவாக உதிர்ந்தோ இருப்பது சாதாரணம். எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி அளந்து பாருங்கள். பல்பை ஒயரில் மாட்டி எர்த் பார்க்கும் வேலையை நீங்களே செய்ய வேண்டாம்.

ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கும் கருவி இது. வீட்டில் இல்லையென்றால் சின்னப் பெட்டியில் மாட்டிய ஒன்றை உங்களோடு கொண்டுபோங்கள். தினமும் காலையில் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. இது இருந்தால் எர்த் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எர்த் சரியாக இருந்தால், கசிவு வந்ததும் யாரும் தொடாமலேயே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். அந்த யாராவது மெஷின் பிடிக்கும் பையன்தான்.

கேபிள். ரப்பர் உறை போட்ட மூன்று கோர் கேபிள், 2.5 சதுர மில்லிமீட்டர், 30 மீட்டருக்குள். நடுவில் ஒட்டுப் போட்ட இடம் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இன்சுலேஷன் டேப் ஈரத்தை நிறுத்தாது. மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். மோட்டார் கிளம்பத் திணறி அதிகக் கரண்ட் இழுத்துச் சூடேறும். சுருளாக வைத்தபடியே ஓட்டினாலும் சூடு வெளியேற வழியில்லாமல் சுருளின் நடுவில் உறை இளகும். முழுவதும் பிரித்துவிடுங்கள்.

பிரித்ததைத் தரையில் போடாதீர்கள். புது வீடு என்றால் ஃபேன் மாட்டாத கொக்கி மேலே தொங்கும். அதில் சணல் கயிறு கட்டி, கேபிளைத் தலைக்கு மேலே தூக்கி, உங்கள் முதுகுப் பக்கமாக மெஷினுக்கு இறக்குங்கள். கொக்கி இல்லாத இடத்தில் கையாள் கேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கூட வர வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது.

ஸ்டார்ட்டர். பழைய மெஷின்களில் வெறும் திருகு சுவிட்ச்தான் இருக்கும். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். சுவிட்ச் போட்டது போட்டபடியே இருக்கும். பத்து நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்ததும் யாரும் பிடிக்காத மெஷின் தானாகச் சுழன்று அறையைச் சுற்றும். கரண்ட் போனதும் தானாக விடுபட்டு, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் கிளம்பும் டிஓஎல் ஸ்டார்ட்டர் மாட்டிவிடுங்கள். மெஷின் வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வாடகையை அப்புறம் பேசலாம்.

வெள்ளம் புகுந்த வீட்டுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதையடுத்து தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்ததும், கறை பிடித்த மொசைக்கைத் தேய்த்துத் தரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த எந்த பிளக்கையும் நான் தொடவில்லை. வெளியே காய்ந்திருந்தாலும் சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும்.

3. இறக்கி உள்ளே கொண்டுபோவது

குட்டியானை வண்டியிலிருந்து இறக்கும்போது பலகை போட்டுச் சரிவாக இறக்குங்கள். பலகையின் கீழ்முனை நகராமல் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுங்கள்.

மாடிப்படிக்கு நாலு பேர் வேண்டும். ஏற்றுவதற்கு முன் கற்களையும், கழற்ற முடிந்தால் தட்டையும் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள். தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் பாதிப் படியில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து மெஷினையும் சாய்க்கும். மோட்டார் இருக்கும் பக்கத்தை மேல்படியை நோக்கி வைத்து, கயிறு கட்டி மேலிருந்து இருவர் இழுக்க, பக்கவாட்டில் இருவர் தாங்க வேண்டும். நேர் கீழே யாரும் நிற்கக்கூடாது. நழுவினால் விட்டுவிடுங்கள் என்று முன்பே எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். மெஷினைப் பிடித்து நிறுத்தப் பார்த்துதான் விரல் போகிறது. மெஷினைச் சரிசெய்துகொள்ளலாம்.

4. அறையைக் காலி செய்வது

சாமான்களை எடுப்பது வீட்டுக்காரர் வேலை என்று விட்டால் ஃபிரிட்ஜும் மிக்சியும் பிளக்கோடு அங்கேயே இருக்கும். தரையோடு ஒட்டிய பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, பாயிண்டுகளைப் பிளாஸ்டிக் வைத்து ஒட்டுங்கள். தேய்க்கும்போது கல் தூளும் தண்ணீரும் கலந்து வரும் குழம்பு இரண்டடி உயரத்துக்குத் தெறிக்கும்.

வாசலில் நனைந்த சாக்கைச் சுருட்டி அணை கட்டுங்கள். அது பக்கத்து அறைக்கு நீர் போகாமல் தடுக்கும். குழந்தைகளும் உள்ளே வர யோசிப்பார்கள். தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, கம்பி முனை, பெயர்ந்த கல் இருக்கிறதா என்று குனிந்து கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

5. உடுப்பு

கைலியோடு மெஷின் பிடிக்காதீர்கள். கழுத்தில் துண்டு வேண்டாம். அரைஞாண் கயிறு வெளியே தொங்கினால் உள்ளே தள்ளுங்கள். உடன் வேலை செய்யும் சித்தாள் அக்காமார்கள் முந்தானையை இழுத்துச் செருகி, மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். பெல்ட் மூடி இல்லாத மெஷின் என்றால் அந்த மெஷினே வேண்டாம்.

முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். இது கரண்டுக்காக மட்டும் இல்லை. சிமெண்ட் குழம்பில் காரம் அதிகம், நாள் முழுக்க நின்றால் விரல் இடுக்கு வெந்து புண்ணாகும். ‘அண்ணே, வழுக்கும்ணே, வெறுங்கால்தான் பிடிமானம்’ என்று ஒவ்வொரு பையனும் சொல்வான். அடிப்பகுதி தேயாத பூட்ஸ் வழுக்காது, தேய்ந்ததுதான் வழுக்கும். இரண்டு வருஷம் பழைய பூட்ஸை அவனிடம் கொடுத்துவிட்டுப் போடச் சொன்னால் அவன் சொல்வது நியாயம்தான்.

காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. மூடிய அறையில் மெஷின் சத்தம் சாயங்காலம் வரைக்கும் காதில் ரீங்கரித்தால், காது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

6. கல் மாட்டுவது

பிளக்கைக் கழற்றாமல் தட்டுக்குக் கீழே கை போகக்கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது. கல் மாட்டும்போது நான் பிளக்கைக் கழற்றி எடுத்துவந்து என் மடியில் வைத்துக்கொள்வேன். பையன்கள் சிரிப்பார்கள். பிளக் என் மடியில் இருக்கும்வரை யாரோ தெரியாமல் சுவிட்ச் போட்டாலும் என் விரல் என்னோடுதான் இருக்கும்.

ஒவ்வொரு கல்லையும் நூலில் தொங்கவிட்டு மரக் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல கல் கிண்ணென்று கேட்கும். விரிசல் விட்டது தொப்பென்று அடங்கிவிடும். காய்ந்த கல்லாக இருந்தால்தான் இந்தச் சோதனை சரியாக வரும். விரிசல் கல் ஓட்டத்தில் உடைந்தால் துண்டு கணுக்காலுக்குத்தான் வரும்.

ஒரு தட்டில் எல்லாக் கல்லும் ஒரே நம்பர், ஒரே உயரம். தேய்ந்த இரண்டோடு புதுசு ஒன்றைச் சேர்த்தால் தட்டு ஆடும். அந்த ஆட்டம் பேரிங்கைத் தின்னும், தரையில் வளையம் வளையமாகக் கோடு விழும், கை மரத்துப்போகும். கல்லை இறுக்கிய ஆப்பையோ திருகையோ கையால் அசைத்துப் பாருங்கள். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றி இன்னொரு முறை இறுக்குங்கள். முதல் அதிர்வில் எதுவும் கொஞ்சம் தளரும்.

7. கிளப்புவது

வரிசை இதுதான். மாற்றாதீர்கள்.

தரையை நனையுங்கள். மெஷினை அறையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சுவர் ஓரத்தில் கிளப்பினால் முதல் உதறலில் சுவரில்தான் மோதும். கேபிள் முதுகுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கையாள் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, குரல் கொடுத்து, பதில் வாங்குங்கள். அப்புறம்தான் பிளக்.

கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள். சக்கரத்தின் மேல் எடை மாறி, கற்கள் தரையை விட்டு அரை அங்குலம் எழும்பும். அந்த நிலையில் பொத்தானை அழுத்துங்கள். தட்டு முழு வேகம் பிடித்த பிறகு மெதுவாக இறக்குங்கள். கல் தரையில் பட்டபடி கிளப்பினால் மோட்டார் முதல் நொடியில் தரையோடு மல்லுக்கு நிற்கும். ஜெயிக்க முடியாதபோது கைப்பிடி எதிர்த்திசையில் திரும்பி விலா எலும்பில் அடிக்கும். புதியவர்களுக்கு விழும் முதல் அடி இதுவாகத்தான் இருக்கும்.

த்ரீ பேஸ் மெஷின் என்றால் முதலில் கல் இல்லாமல் ஒரு நொடி ஓட்டி, எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பாருங்கள். தவறான திசையானால் தட்டின் மரை கழன்றுவிடக்கூடும். ஏதாவது இரண்டு பேஸை மாற்றினால் திசை மாறும், அதை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும்.

8. ஓட்டம்

கால்களை ஒன்றின் பின் ஒன்றாக வைத்து நில்லுங்கள். முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கட்டும். மெஷினைத் தள்ள வேண்டாம். அதன் எடைதான் தேய்க்கிறது, நீங்கள் அதற்கு வழிகாட்டினால் போதும். மேலே ஏறி அழுத்தினால், அல்லது சில இடங்களில் செய்வதுபோல் மெஷின் மேல் மணல் மூட்டை வைத்தால், மோட்டார் சூடாகும், பெல்ட் வழுக்கும், தரையில் பள்ளமும் விழும்.

பக்கவாட்டில் வீசி, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியின் மேல் ஏறும்படி பின்வாங்கிக்கொண்டே வாருங்கள். பின்வாங்குவதால் உங்கள் கால் எப்போதும் தேய்க்காத இடத்தில் இருக்கும். குழம்பில் நிற்காத காலுக்கு வழுக்கலும் குறைவு. ஒரே இடத்தில் நிறுத்தவேண்டி வந்தால் முதலில் தூக்குங்கள், அப்புறம் அணையுங்கள்.

தண்ணீரின் அளவு கண்ணால் தெரியும். குழம்பு மோர்போல ஓட வேண்டும். தயிர்போல ஆனால் கல் அடைத்துக்கொண்டு சூடாகும். வெறும் தண்ணீராக ஓடினால் கல் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும், அறையும் குளமாகும். கையாள் வைப்பரால் குழம்பை ஒதுக்கும்போது தட்டிலிருந்து இரண்டு கை தூரம் விட்டே நிற்க வேண்டும். தண்ணீர் விடுகிறவர் மோட்டார் மேல் விடக்கூடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள். கிரானைட், மணற்கல், சிமெண்ட் தரை ஆகியவற்றின் தூசியில் சிலிக்கா உண்டு. மிக நுண்ணிய துகள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தரும். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை. மார்பிளில் சிலிக்கா குறைவு என்றாலும் நான் அதற்காக விதியை மாற்றுவதில்லை.

அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விரல் நுனி மரத்து, வெளிறி, ஊசி குத்துவதுபோல் இருந்தால் அன்றைக்கு அந்தப் பையன் கேபிள் பிடிக்கட்டும்.

9. ஓரம் தேய்ப்பது

சுவரை ஒட்டி நாலைந்து அங்குலத்துக்கு மெஷின் போகாது. அங்கே 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரை எடுப்பார்கள். பெரிய மெஷினுக்குப் பயப்படுகிற பையன் இதைப் பொம்மைபோல் எடுத்துவிடுவான். இது நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பெரிய மெஷினின் தட்டு அதற்குக் கிட்டவே வராது.

மூடியைக் கழற்றாதீர்கள். வட்டில் எழுதியிருக்கும் சுற்று, கருவியின் சுற்றைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். முக்கியமாக, சாதாரணக் கிரைண்டர் தண்ணீருக்கு உண்டானது இல்லை. தண்ணீர் தேங்கிய தரையில் வேண்டாம். தரையைத் துடைத்துவிட்டு, தூசி உறிஞ்சும் குழாயை வைத்து, தூசிக்கான முகக்கவசம் போட்டு ஓட்டுங்கள். கைக்குட்டை கட்டினால் நுண்தூசி நிற்காது. நேரம் இருந்தால் ஓரத்தைக் கல்லால் கையாலேயே தேய்க்கலாம். ஒரு அறைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும், நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

10. நம்பர் மாற்றம், ஆசிட்

முதல் தேய்ப்பு 60, அப்புறம் சிமெண்ட் பால் விட்டு ஓட்டைகளை அடைத்துக் காயவைத்து 120, அதற்கு மேல் 220 முதல் 320 வரை. ஒவ்வொரு நம்பருக்கும் இடையில் தரையையும் தட்டையும் பூட்ஸையும் கழுவுங்கள். பூட்ஸில் ஒட்டிவந்த 60 நம்பர் துகள் ஒன்று போதும், 220 தேய்ப்பில் கீறல் விழ. கீறலைப் போக்க மறுபடி கீழிறங்கித் தேய்க்க வேண்டும், பொழுது சாயும், அவசரம் வரும். தை மாதம் கிரகப்பிரவேசம் வைத்துவிட்டு மார்கழிக் கடைசியில் கூப்பிடுகிறவர் வீட்டில் இந்த அவசரம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

மினுமினுப்புக்குப் போடும் ஆக்சாலிக் ஆசிட் பொடி, சதுர மீட்டருக்கு 33 கிராம் என்பது கட்டுமான விவரக்குறிப்புகளில் உள்ள அளவு. கூடப் போட்டால் கூடப் பளபளக்கும் என்பது பொய். இது விஷம். சீனிபோல வெள்ளையாக இருப்பதால் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. தண்ணீர் பாட்டிலில் கரைத்து வைக்காதீர்கள். கையுறை போடுங்கள், உயரத்திலிருந்து தூவாதீர்கள், கை கழுவாமல் பீடியோ டீ டம்ளரோ தொடாதீர்கள். அதே தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஆசிட்டோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

11. மெஷின் முரண்டு பிடித்தால்

உர்ரென்று உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் இரண்டு மூன்று நொடிக்குள் அணையுங்கள். காலால் தட்டை உதைத்துச் சுற்றவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, கால் விரல் போவதும் அப்படித்தான். சிங்கிள் பேஸில் கெபாசிட்டர் போயிருக்கலாம், த்ரீ பேஸில் ஒரு பேஸ் போயிருக்கலாம், அல்லது கல் மாட்டியிருக்கலாம். கல் மட்டும்தான் நீங்கள் பார்க்க வேண்டியது, அதுவும் பிளக்கைக் கழற்றியபின். கெபாசிட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக் கழற்றிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

கைப்பிடியில் சுர்ரென்று லேசாக ஏறினால் உடனே நிறுத்துங்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் பையன் காலையிலிருந்து வலது கையை அடிக்கடி கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தான். மதியம்தான் கேட்டேன். ‘ஒண்ணும் இல்லைண்ணே, லேசா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு.’ ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தபோது, ஒயர் நுழையும் ஓட்டையின் இரும்பு விளிம்பு உறையை அறுத்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. அங்கே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ விழுந்துவிட்டது. எர்த்தும் அந்த வீட்டில் பெயருக்குத்தான். அன்றைக்கு அவன் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். என் பெட்டியில் ஆர்சிசிபி அதற்கு அப்புறம்தான் வந்தது.

12. யாருக்காவது கரண்ட் அடித்தால்

ஓடிப்போய் இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள். அதனால்தான் காலையில் வந்ததும் மெயின் எங்கே என்று எல்லோரும் பார்த்து வைக்க வேண்டும். மெயின் தூரம் என்றால், காய்ந்த பலகையின் மேல் நின்றுகொண்டு காய்ந்த கட்டையால் கேபிளைத் தள்ளுங்கள். ஈரத் தரையில் ஈரக் கட்டை பயன்படாது. உடனே 108. ஆள் மூச்சு விடவில்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணும் இல்லை’ என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்பு பிறகும் தடுமாறலாம்.

கண்ணில் குழம்பு தெறித்தால் ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து வைத்து இருபது நிமிஷம் கழுவ வேண்டும். துண்டால் கசக்கக்கூடாது.

13. சாயங்காலம்

முதலில் பிளக். அப்புறம் கல்லைக் கழற்றுங்கள், ஈரத் தட்டிலேயே விட்டால் மறுநாள் சுத்தியல் இல்லாமல் வராது. தட்டைக் கழுவுங்கள், மோட்டாரைத் துடைக்க மட்டும் செய்யுங்கள். கேபிளை நனைந்த துணியால் நீளம் முழுக்கத் துடைத்துக்கொண்டே சுருட்டுங்கள். அறுபட்ட இடம் இருந்தால் விரலில் தட்டுப்படும். கேபிளைத் தினமும் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

குழம்பைச் சாக்கடையில் தள்ளாதீர்கள். அது உள்ளே போய் இறுகி, அடுத்த மழைக்குத் தெருவே அடைத்துக்கொள்ளும். கொல்லையில் ஒரு குழி வெட்டி ஊற்றி, தெளிந்த தண்ணீரை மட்டும் மேலிருந்து இறுத்துவிடுங்கள். கொல்லை இல்லாத தெருக்களில் பழைய டிரம் ஒன்றில் இரவு முழுக்க நிறுத்தினால் காலையில் அடியில் களிமண்போல் படிந்திருக்கும். அதைச் சிமெண்ட் சாக்கில் அள்ளிக் கட்டிடக் கழிவோடு அனுப்பலாம். டிரம்மைத் தூக்கும்போது இரண்டு பேராகத் தூக்குங்கள்.